கோபத்துடன் வரும் வாடிக்கையாளர்: வீடியோ கடை கற்பித்த பாடம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிடைக்கும் முதல் வேலை, அருகிலுள்ள பட்டணத்தில் கடை வேலையாகவே இருக்கின்றது. மளிகைக் கடை, துணிக்கடை, கைப்பேசிக் கடை, பெட்ரோல் நிலையம் என இடங்கள் வேறுபடலாம். அங்கே மூட்டை தூக்குவதையும் கணக்குப் பார்ப்பதையும் அவர்கள் சில நாள்களிலேயே கற்றுக்கொள்கின்றனர். ஆனால், முகம் சிவக்க, குரலை உயர்த்திக்கொண்டு ஒருவர் கடைக்குள் நுழையும்போது என்ன செய்வது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த ஒரு நிமிடத்திற்கு அஞ்சியே வேலையை விட்டு வீடு திரும்பிய இளைஞர்களை நாம் அறிவோம்.

அத்தகைய இளைஞர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் பயன்படுமாறு, ஒரு காலத்தில் நாம் பணியாற்றிய வீடியோ கடையின் அனுபவத்தைக் கொண்டு இப்பாடத்தை எழுதுகின்றோம். அத்தகைய கடைகள் நம் பட்டணங்களிலிருந்து மறைந்து வெகுநாளாகிவிட்டது. ஆயினும், அங்கே வந்த முகங்களும் அங்கே எழுந்த வழக்குகளும் இன்று எந்தக் கடையிலும் காணக்கூடியவையே.

வீடியோ கடை என்னும் பள்ளி

ஜப்பானின் சோனி நிறுவனம் 1975ஆம் ஆண்டில் பீட்டாமேக்ஸ் என்னும் வீடியோ முறையையும், ஜேவிசி நிறுவனம் 1976ஆம் ஆண்டில் விஎச்எஸ் என்னும் முறையையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒன்றின் நாடா மற்றொன்றின் கருவியில் பொருந்தாது. 1980ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுப் பட்டணங்களில் வீடியோ நாடாக்களை வாடகைக்கு விடும் கடைகள் பெருகின. திரைப்படம் பார்ப்பதற்குப் பட்டணத்துத் திரையரங்கிற்குச் செல்ல வேண்டும், அல்லது தோட்டத் திடலில் படம் காட்டும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும் என்றிருந்த நம் மக்களுக்கு அது பெரும் மாற்றமாக அமைந்தது. கருவி வாங்க வசதியில்லாதோர் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து பணம் போட்டு, தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ கருவியையும் கடையிலிருந்தே வாடகைக்கு எடுத்துச் செல்வார்கள். சனிக்கிழமை இரவில் ஒரு லயமே ஒரு வீட்டின் முன்னால் கூடியிருக்கும்.

மளிகைக் கடையில் விற்ற பொருள் வீட்டுக்குப் போய்ச் செலவாகிவிடும். வீடியோ கடையிலோ கொடுத்த பொருள் மறுநாள் திரும்பி வரும். அதனுடன் வழக்கும் திரும்பி வரும். ஒரே நாடா இருபது வீடுகளுக்குப் போய் வந்த பிறகு அறுந்துபோனால், அறுத்தவர் யார்? படம் மங்கலாகத் தெரிந்தால் குறை நாடாவிலா, கருவியிலா? ஒருநாள் தாமதமானால் அதற்குரிய கட்டணத்தை யார் ஏற்பது? இக்கேள்விகள் நாள்தோறும் எழுந்தன. எனவேதான் வீடியோ கடை மனிதரைப் படிப்பதற்கு ஒரு கடினமான பள்ளியாக இருந்தது.

கடைசி அரை மணி நேரம்

அப்பள்ளியில் நாம் தோற்ற நாள் ஒன்றை முதலில் கூறுகின்றோம்.

அது ஒரு திங்கட்கிழமைப் பிற்பகல். பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவர், தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். கையிலிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து நாடாவை எடுத்து முகப்பு மேசையின் மீது ஓங்கி வைத்தார். கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தனர். "இப்படித்தான் ஏமாற்றுவீர்களா?" என்று அவர் உரக்கக் கேட்டார். சனிக்கிழமை இரவு படம் முடியும் கட்டத்தில், கதை மறைந்து காற்பந்தாட்டம் ஓடத் தொடங்கியதாம். கடைசி அரை மணி நேரம் முழுவதும் ஆட்டமே. வெளியூரிலிருந்து வந்திருந்த அவருடைய மாமனாரும், பணம் போட்ட அண்டை வீட்டாரும், குழந்தைகளும் ஏமாந்து எழுந்து போயிருக்கின்றனர்.

அன்று நமக்கு வயது பத்தொன்பது. நாம் நாடாவைத் தொட்டும் பார்க்கவில்லை. "நீங்கள்தான் தெரியாமல் அதன்மேல் பதிவு செய்திருப்பீர்கள்" என்று கூறிவிட்டோம்.

அவருடைய குரல் திடீரெனத் தாழ்ந்தது. "தம்பி, எங்கள் வீட்டில் ஏரியல்கூடக் கிடையாது. பெட்டியும் உங்களுடையது, கருவியும் உங்களுடையது. நான் எங்கிருந்து பந்தாட்டத்தைப் பதிவு செய்வேன்?" என்றார். பிறகு, "பால் நிறுக்கும் இடத்தில்தான் எங்கள் பேச்சு எடுபடாது. காசு கொடுக்கும் இடத்திலுமா?" என்று கேட்டார்.

நமக்கு மறுமொழி இல்லை. உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த முதலாளி எழுந்து வந்தார். "அண்ணே, உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, முடியும்வரை கேட்டார். பிறகு நாடாவின் முதுகுப்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். விஎச்எஸ் நாடாப் பெட்டியின் முதுகில், இடப்பக்க ஓரத்தில், சிறிய பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். அதனை உடைத்துவிட்டால் அந்நாடாவில் புதிதாக எதனையும் பதிவு செய்ய இயலாது. உடைத்த துளையின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டால் மீண்டும் பதிவாகும். நம் கடை நாடாக்கள் யாவும் தகடு உடைக்கப்பட்டவை. இந்த நாடாவின் துளையிலோ ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது.

முதலாளி பதிவேட்டைப் பார்த்தார். அவருக்கு முன் அதனை எடுத்துச் சென்றவர் பட்டணத்துக்காரர். வியாழக்கிழமை திருப்பித் தந்திருந்தார். பின்னர் விசாரித்தபோது, தம் மகன் செய்த வேலை என்று அவர் ஒப்புக்கொண்டு நாடாவின் விலையைக் கொடுத்தார். ஆனால், அந்த ஒப்புதலுக்காக முதலாளி காத்திருக்கவில்லை. கடையிலிருந்த அனைவரும் கேட்கும்படி, "தவறு எங்களுடையது. திரும்பி வந்த நாடாவைச் சோதிக்காமல் உங்களிடம் கொடுத்துவிட்டோம்" என்று கூறி, வாடகைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வேறொரு நல்ல நாடாவையும் கட்டணமின்றி எடுத்துப் போகச் சொன்னார்.

வந்தவர் பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. "பணம் கிடக்கட்டும். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தால் போதும்" என்றார். அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் அவர் அக்கடைக்கே வந்தார்.

முறையீடு வேறு, கோபம் வேறு

அந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்ற முதற்பாடம் இதுவே: கோபத்துடன் வருபவர் இரண்டு பொருள்களைச் சுமந்து வருகின்றார். ஒன்று முறையீடு, மற்றொன்று கோபம். நாம் கோபத்திற்கு மறுமொழி சொல்லத் தொடங்கினால், முறையீடு கேட்கப்படாமலே கிடக்கும். முறையீட்டைக் கேட்டுவிட்டால், கோபம் பெரும்பாலும் தானே தணியும்.

நம் வாசகர்களுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. விடியலுக்கு முன்பே மரத்தடிக்குப் போய், சீவி, பால் எடுத்து, தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவந்தவர், தம் பாலின் நிறையிலோ, மெட்ரோலாக் கருவி காட்டிய அளவிலோ ஐயம் கொண்டு கேட்கும்போது, "தண்ணீர் கலந்திருப்பாய்" என்று ஒரு சொல் வந்தால் நெஞ்சு எவ்வாறு எரியும் என்பதை அவர் அறிவார். குறைந்த காசைவிட அந்தச் சொல்லே அவருக்குப் பெரிது. கடை முகப்பில் நிற்கும் நம் பிள்ளையும் அச்சொல்லை மற்றவர்மீது வீசலாகாது. தோட்டத்துப் பிள்ளைக்கு இப்பாடம் எளிதில் விளங்க வேண்டும். ஏனெனில், அவன் தந்தை மேசையின் மறுபுறத்தில் நின்றவர்.

ஆகவே, முதற்கடமை கேட்டல். இடையில் குறுக்கிடாமல், கைவேலையை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். வயதுக்கேற்ப "ஐயா", "அம்மா", "அண்ணே", "அக்கா" என்று அழைக்க வேண்டும். அவர் சொல்லி முடித்ததும், சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்வது நன்று: "சனிக்கிழமை இரவு, கடைசி அரை மணி நேரம் படம் வரவில்லை. அப்படித்தானே ஐயா?" தாம் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று அறிந்தவர் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

கேட்ட பிறகு சோதித்தல்

கேட்பது என்றால் சொன்ன அனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்வது என்று பொருளில்லை. இரண்டாவது கடமை சோதித்தல். பொருளைப் பார்ப்பதற்கு முன் யார்மீதும் பழி சுமத்தக் கூடாது. தம்மீதே சுமத்திக்கொள்ளவும் கூடாது.

வீடியோ நாடாவைப் பொறுத்தவரை இது மிகவும் தேவைப்பட்டது. கருவிக்குள் படத்தைப் படிக்கும் உருளை, நம் நாட்டில் வழங்கிய முறையில், நிமிடத்திற்கு 1500 முறை சுழலும். அதன் முனையில் சிறிது அழுக்குப் படிந்தாலும் திரையில் வெண்புள்ளிகள் பனிபோல் கொட்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் நாடாவின்மீது வெண்பூஞ்சை படர்வதும் உண்டு. எனவே, "படம் தெரியவில்லை" என்று ஒருவர் வந்தால், அந்நாடாவை அவர் கண் முன்னால் கடைக் கருவியில் போட்டுப் பார்ப்போம். இங்கும் தெரியவில்லை என்றால் குறை நாடாவினுடையது. பணத்தைத் திருப்பித் தருவோம். இங்கே தெளிவாகத் தெரிந்தால், "உங்கள் நாடா நன்றாயிருக்கிறது, போங்கள்" என்று அனுப்பாமல், கருவியில் டிராக்கிங் என்னும் குமிழைத் திருப்பிச் சரிசெய்யும் விதத்தையும், முனையைத் துடைக்க வேண்டிய தேவையையும் சொல்லித் தருவோம். சண்டைக்கு வந்தவர் ஒன்றைக் கற்றுக்கொண்டு போனார்; குறை தம் கருவியில் என்று அறிந்ததால் அவருக்கு மானக்கேடும் ஏற்படவில்லை.

இன்று கைப்பேசிக் கடையில் நிற்பவருக்கும் இதே முறை பொருந்தும். மின்னேற்றி வேலை செய்யவில்லை என்று ஒருவர் வந்தால், அவர் எதிரிலேயே வேறொரு கைப்பேசியில் செருகிப் பாருங்கள். இருவரும் சேர்ந்து பார்த்த உண்மையை இருவரும் ஏற்பர்.

விதி எல்லாருக்கும் ஒன்றே

வீடியோ கடையில் மிகுதியான பூசலை விளைத்தது தாமதக் கட்டணம். குறித்த நாளில் நாடா வராவிட்டால், அதற்காகக் காத்திருக்கும் மற்றொருவர் ஏமாறுவார். ஆகையால், கட்டணம் நியாயமானதே. ஆயினும், அதனை வாங்கும் முறையில் நியாயம் தவறிவிடலாம்.

ஒரு முறை தோட்டத்து அம்மையார் ஒருவர் ஒருநாள் தாமதமாக நாடாவைக் கொண்டுவந்தார். அவர் தோட்டத்தில் மின்னாக்கி இயந்திரம் பழுதாகி, சனிக்கிழமை இரவு முழுவதும் விளக்கே இல்லை. படம் பார்க்காத நாளுக்கு எப்படிப் பணம் கேட்கிறீர்கள் என்பது அவர் வாதம். முதலாளி கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார். அத்துடன் நிற்கவில்லை. "தோட்டத்தில் மின்சாரம் இல்லாத நாளுக்குத் தாமதக் கட்டணம் இல்லை" என்று அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். உரக்கப் பேசியவருக்குச் சலுகை, வாய் திறவாதவருக்குக் கட்டணம் என்று ஆகிவிட்டால், கடையில் கத்துவதே வழக்கமாகிவிடும் என்று அவர் எமக்கு விளக்கினார். ஒருவருக்குக் காட்டிய நியாயம் அனைவருக்கும் உரியதாக வேண்டும்.

இவ்விதியைப் பெரிய நிறுவனங்களும் தவறவிட்டதுண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு உலகெங்கும் கிளை பரப்பிய பிளாக்பஸ்டர் என்னும் வாடகை நிறுவனம், 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் "இனித் தாமதக் கட்டணம் இல்லை" என்று விளம்பரம் செய்தது. ஆனால், குறித்த நாளுக்குப் பின் ஒரு வாரம் கடந்தால் படத்தின் முழு விலையும் வாடிக்கையாளர் கணக்கில் ஏறியது. பின்னர்ப் படத்தைத் திருப்பிக் கொடுத்தவரிடமும் ஒரு சிறு கட்டணம் பிடித்துக்கொள்ளப்பட்டது. விளம்பரம் மக்களை மயக்குகிறது என்று பல மாநிலங்கள் நடவடிக்கை எடுத்தன. அதே ஆண்டில் நிறுவனம் அவற்றுடன் உடன்பாடு கண்டு, பணம் செலுத்தவும் விதிகளைத் தெளிவாக எழுதவும் ஒப்புக்கொண்டது. புதிய முறைகளின் போட்டியையும் தாங்க இயலாமல், 2010ஆம் ஆண்டில் அது நொடித்துப்போனதாக நீதிமன்றத்தை நாடியது. முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்படாத விதி, கோபத்தின் விதை என்பதற்கு இது சான்று.

"முடியாது" எனச் சொல்லும் முறை

சில வேளைகளில் மறுத்தே ஆக வேண்டும். வாடகைப் பணம் தராமல் கடன் சொல்பவர், பள்ளி மாணவராக இருந்துகொண்டு வயது வந்தோருக்கான படம் கேட்பவர், தணிக்கைச் சான்றில்லாத நாடாவை மறைவாகத் தரச் சொல்பவர் எனப் பலர் வந்தனர். நம் நாட்டில் திரைப்படத் தணிக்கைக்கு 1952ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. 2002ஆம் ஆண்டில் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. சட்டத்திற்கு மாறானதை வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகக் கொடுத்தவர் தப்பிக்க முடியாது.

மறுப்பதைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் செய்ய வேண்டும். "பார்க்கலாம்", "நாளைக்கு வாருங்கள்" என்று இழுத்தடிப்பது மரியாதை போல் தோன்றினும், அதுவே பின்னர்ப் பெரிய சண்டையாகும். "இதனைத் தர இயலாது ஐயா, காரணம் இது, இதற்குப் பதிலாக இதனைத் தர முடியும்" என்ற மூன்று சொற்றொடர்கள் போதும். காரணம் கூறாத மறுப்பு அவமதிப்பாகப் படும். மாற்று வழி கூறாத மறுப்பு கதவடைப்பாகப் படும்.

பொறுமைக்கும் எல்லை உண்டு

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, கடையில் பணிபுரிபவர் எதனையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாரும் கருதலாகாது. முறையீடு செய்ய வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. இழிசொல் சொல்லவோ, கை ஓங்கவோ, பெண் பணியாளரிடம் தகாத சொல் பேசவோ எவருக்கும் உரிமை கிடையாது.

சம்பள நாள் மாலையில் குடித்துவிட்டு வருபவர் சிலர் இருந்தனர். போதையில் இருப்பவரிடம் வழக்குப் பேசிப் பயனில்லை. அவரைத் தொடாமலும், கேலி செய்யாமலும், "நாளைக் காலையில் வாருங்கள் அண்ணே, உட்கார்ந்து பேசுவோம்" என்று கூறி அனுப்புவதே எம் வழக்கம். மறுநாள் வந்தவர்களில் பலர் நாணத்துடன்தான் வந்தனர். அடிப்பேன் என்று மிரட்டியவரிடம் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, முதலாளியை அழைத்தோம். தேவைப்படின் காவல் நிலையத்திற்குத் தெரிவித்தோம். இரவு நேரத்தில் ஒருவர் மட்டும் கடையில் இருப்பதைத் தவிர்த்தோம்.

முதலாளிமார்களுக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. தவறு கடையினுடையதாயின், பணியாளரைப் பலர் முன்னிலையில் திட்டி வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது முறையன்று. அன்று நாம் தவறு செய்தபோது முதலாளி, "எங்கள் தவறு" என்றாரே தவிர, "இந்தப் பையனின் தவறு" என்று சொல்லவில்லை. கடை மூடிய பிறகுதான் தனியாக அழைத்துக் கண்டித்தார். அந்தக் கண்டிப்பு இன்றளவும் நமக்கு மறக்கவில்லை.

மேசையின் மறுபுறத்தில் நாம்

நாம் கடையில் பணிபுரிபவராக மட்டுமின்றி வாடிக்கையாளராகவும் இருக்கின்றோம். ஆகவே, நமக்கும் சில கடமைகள் உள்ளன. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். குறை கண்டவுடன் பொருளுடன் செல்ல வேண்டும். நடந்ததை நாள், நேரம், தொகையுடன் கூற வேண்டும். முகப்பில் நிற்பவர் பெரும்பாலும் விதியை வகுத்தவர் அல்லர். அவரும் நம்மைப் போல் கூலிக்கு உழைப்பவரே. அவரிடம் தீராவிடில் பொறுப்பாளரைக் கேட்க வேண்டும்.

அங்கும் தீராவிடில் சட்டம் இருக்கின்றது. நாம் கூறிய வீடியோ கடைக் காலத்தில், இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் கடை மேசையிலேயே தீர்க்கப்பட்டன. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 5 வெள்ளி கட்டணம் செலுத்தி அங்கே கோரிக்கையைப் பதிவு செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கின்றது. கோரிக்கைக்குக் காரணமான நிகழ்ச்சி நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வேண்டியதில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடையில் எழுதி வைத்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை அந்த எழுத்து அழித்துவிடாது. இதனை அறிந்த வாடிக்கையாளர் கத்த வேண்டியதில்லை. இதனை அறிந்த கடைக்காரர் அலட்சியம் காட்ட முடியாது.

முடிவாக

கேட்டல், சோதித்தல், எல்லாருக்கும் ஒரே விதியைக் கையாளுதல், தெளிவாக மறுத்தல், எல்லை மீறியவரிடமிருந்து விலகுதல் ஆகிய ஐந்தும் எந்தக் கடைக்கும் பொருந்தும். கடை வேலைக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால், பெற்றோர் இவற்றை ஒரு மாலையில் அவர்களுடன் பேசிப் பாருங்கள். தந்தை கோபங்கொண்ட வாடிக்கையாளராகவும், மகளோ மகனோ கடைப் பணியாளராகவும் இருந்து பழகலாம். சிரிப்பாகத் தொடங்கினாலும் பயன் பெரிதாக இருக்கும்.

வீடியோ நாடாக்கள் இன்று குப்பைக்குப் போய்விட்டன. அன்று அந்தத் தொழிலாளி நம்மிடம் கேட்ட கேள்வி மட்டும் பழையதாகவில்லை. அவரைப் போன்ற ஒருவர் ஏதோ ஒரு கடையின் முன் இன்றும் நின்றுகொண்டிருப்பார். மேசைக்குப் பின்னால் நிற்பது நம் பிள்ளையாக இருந்தால், முதற்சொல் "உட்காருங்கள்" என்பதாக இருக்கட்டும்.